தொடர் முடிந்த மாதத்தில் நான் வாங்கிய கையெழுத்து

2006 மே 14, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று அன்னையர் தினம். காலையில் காலிங் கார்டு எண்களை வரிசையாக அழுத்தி திருச்சியில் இருந்த அம்மாவிடம் பேசினேன். இரவுச் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு ஏழு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிய 'தி வெஸ்ட் விங்' தொடரின் கடைசி எபிசோட் எட்டு மணிக்கு. அதற்கு முன்னால் நடிகர்கள் பழைய நாட்களைப் பேசும் ஒரு மணி நேர நிகழ்ச்சி வருவதாக இருந்தது. பணம் பற்றிய பேச்சு ஒத்துவராமல் அது நடக்கவில்லை. பதிலுக்கு என்.பி.சி. சேனலில் 1999 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடையே திரும்பப் போட்டார்கள். ஏழு வருடம் இளமையாக அந்த முகங்களை ஒரு மணி நேரம் பார்த்த கையோடு, அதே மனிதர்கள் மேசையைக் காலி செய்து பெட்டி கட்டுவதைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. என் கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். நான் அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர்கூட எனக்குத் தெரிந்த வட்டத்தில் இல்லை. அது அந்த அழுகையை இன்னும் பெரிதாக்கியது.

அடுத்த சில மாதத்தில் 645 டாலரை இழந்தேன். அதை ஆறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்த ஒரு தொடர் முடிந்த சோகத்தில் இருப்பவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 2002-ல் கல்யாணமாகி வர்ஜீனியாவுக்கு வந்தேன். வாஷிங்டனிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு அடுக்குமாடி வீடு. எச்-4 விசா. அதாவது எச்-1 விசாவில் வேலை செய்பவரின் மனைவி. அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. 2015-ல்தான் எங்களில் ஒரு பகுதியினருக்காவது அனுமதி கொடுத்தார்கள். எம்.காம். படித்துவிட்டு திருச்சியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். இங்கே கார் ஓட்டத் தெரியாது, பனிக்காலத்தில் வெளியே நடக்கவும் முடியாது. பிற்பகலில் பிராவோ சேனலில் பழைய 'வெஸ்ட் விங்' எபிசோடுகளை மறு ஒளிபரப்புச் செய்வார்கள். புது எபிசோடு வாரம் ஒரு முறை சேனல் நான்கான என்.பி.சி.யில் வரும். முதலில் ஒன்றுமே புரியவில்லை. அந்தத் தொடரில் எல்லோரும் வராந்தாவில் வேகவேகமாக நடந்துகொண்டே, அதைவிட வேகமாகப் பேசுவார்கள். டி.வி.யில் வசன வரிகளை ஓடவிட்டேன், புரியாத சொல்லை எல்லாம் ஒரு நோட்டில் குறித்தேன். இன்றைக்கும் ஆங்கிலத் தொடர் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வசன வரி இல்லாமல் பார்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. காது பழக எனக்கு ஏழு மாதம் ஆனது.

அந்த நோட்டில் எழுதியவை சொற்களோடு நிற்கவில்லை. ஒரு செனட்டர் மணிக்கணக்கில் நின்றபடியே பேசி ஒரு மசோதாவைத் தடுக்கலாம் என்பதையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எப்படி எடுப்பது என்பதில்கூட இங்கே அரசியல் சண்டை உண்டு என்பதையும் அதில்தான் தெரிந்துகொண்டேன். நான்காவது சீசன் முடிவில் அதிபர் பார்ட்லெட்டின் மகளைக் கடத்திவிடுவார்கள். மகளைப் பற்றிய பயத்தில் நாட்டுக்காகச் சரியான முடிவு எடுக்க முடியாது என்று அவர் தன் அதிகாரத்தைத் தற்காலிகமாக விட்டுக்கொடுப்பார். துணை அதிபர் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டதால், அதிகாரம் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் கைக்குப் போகும். அந்தக் காட்சியைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தகப்பன் தன் பலவீனத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்கு அரசியல் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த எபிசோடோடு, தொடரை உருவாக்கிய ஆரன் சோர்கின் விலகிவிட்டார். அவர் போனதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான். ஆனால் ஐந்தாவது சீசனில் பேச்சின் ஓசை மாறிவிட்டதைக் காது சொல்லிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தவர் சி.ஜே. கிரெக். ஆலிசன் ஜேனி நடித்தது. பத்திரிகையாளர்களைத் தினமும் சந்திக்கும் செய்தித் தொடர்பாளராகத் தொடங்கி, கடைசி இரண்டு சீசனில் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாகவே ஆகிவிடுவார். அடுத்துப் பிடித்தவர் அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த லியோ மெக்கேரி. ஜான் ஸ்பென்சர் நடித்தது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், தன் நண்பனை அதிபராக்கியவர். ஒரு காகித நாப்கினில் 'பார்ட்லெட் ஃபார் அமெரிக்கா' என்று எழுதி, தேர்தலில் நிற்கச் சொல்லி நண்பனைக் கிளப்பிவிடுவது லியோதான். ஆறாவது சீசனில் லியோவுக்கு மாரடைப்பு வரும். அடுத்த வருடம், 2005 டிசம்பர் 16 அன்று, ஜான் ஸ்பென்சர் நிஜத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். 59 வயது ஆக நான்கு நாள் பாக்கி. முன்பே எடுத்து வைத்திருந்த காட்சிகளில் 2006-லும் அவ்வப்போது அவரைத் திரையில் பார்த்தோம். ஜனவரியில் ஒரு எபிசோடின் தொடக்கத்தில், அதிபர் பார்ட்லெட்டாக நடித்த மார்ட்டின் ஷீன் நேராகக் கேமராவைப் பார்த்து, நண்பர் போய்விட்டதைச் சொன்னார். ஏப்ரலில், தேர்தல் நாள் இரவில், லியோவும் இறந்துபோவதாகக் கதையை எழுதினார்கள். ஸ்பென்சர் இறந்த பிறகும் மாதக்கணக்கில் என் வீட்டு டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் புத்தி தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி எபிசோடில் சி.ஜே. வெள்ளை மாளிகையை விட்டு நடந்து வெளியே வருவார். வாசலில் யாரோ ஒருவர், நீங்கள் இங்கே வேலை பார்க்கிறீர்களா என்று கேட்பார். இல்லை, மன்னிக்கவும் என்பார் சி.ஜே. அவ்வளவுதான் காட்சி. வேலை பார்த்த ஒரு பெண், இனி இல்லை என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். விமானத்தில் பார்ட்லெட் ஒரு பொட்டலத்தைப் பிரிப்பார். லியோவின் பொருட்களுக்கிடையே லியோவின் மகள் கண்டெடுத்துக் கொடுத்தது. உள்ளே சட்டம் போட்ட அந்த நாப்கின். என்ன யோசிக்கிறீர்கள் என்று மனைவி கேட்பார். நாளையைப் பற்றி என்பார். எனக்கு நாளைக்கு என்று ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு இனி என்ன செய்வேன்?

இணைய ஏலத்தில் தேடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். முதல் நாள் சும்மா பார்த்தேன். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணி வரை பார்த்தேன். ஒரு ஸ்கிரிப்ட் கண்ணில் பட்டது. கடைசிக்கு முந்தைய எபிசோடின் ஸ்கிரிப்ட், மே 7 அன்று வந்தது. வேலை முடிந்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சி.ஜே. தவிக்கும் எபிசோட். அட்டையில் எட்டு நடிகர்களின் கையெழுத்து, நடுவில் ஜான் ஸ்பென்சருடையது. கூடவே 'அசல் என்பதற்கான சான்றிதழ்'. ஏலம் முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. வேறு இரண்டு பேர் ஏற்றிக்கொண்டே போனார்கள். மளிகைச் செலவில் மிச்சம் பிடித்து இரண்டு வருடமாக டப்பாவில் சேர்த்து வைத்திருந்தது 500 டாலருக்குக் கொஞ்சம் கூடுதல். 485-க்கு என் பெயரில் முடிந்தது. கை நடுங்கியது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. விற்றவர் தபால் அலுவலக மணி ஆர்டர் மட்டும்தான் வாங்குவேன் என்றார். எனக்கும் அது வசதி, கணவரின் கார்டு பில்லில் வராது. அனுப்பும் செலவு 22 டாலர். வந்ததும் சட்டம் போட 138 டாலர், அடுத்த இரண்டு மாத மிச்சம். கணவரிடம் 'நாற்பது டாலர் போஸ்டர்' என்று பொய் சொன்னேன். எங்கள் வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன முதல் பணப் பொய் அது.

இந்த ஒரே பத்தியில் எத்தனை தப்பு என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தொடர் முடிந்த முதல் மாதம்தான் விற்பவர்களுக்கு அறுவடைக் காலம். அந்த மாதத்தில் எதையும் வாங்காதீர்கள். வாங்கியே ஆகவேண்டும் என்று தோன்றினால், ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு 30 நாள் கழித்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏலப் பக்கம் போகவே கூடாது. மணி ஆர்டர், வயர் டிரான்ஸ்ஃபர், பரிசு அட்டை என்று கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், அமெரிக்கச் சட்டப்படி முதல் பில் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வழி இருந்திருக்கும். எனக்கு அந்த வழி முதல் நாளே அடைபட்டுவிட்டது, அதுவும் என் சம்மதத்தோடு. விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்புக் கிடையாது. அவர் வாய்வார்த்தையைத் தடித்த தாளில் அச்சடித்தால் அதுதான் அது.

அந்த ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே ஆள் அதே ஸ்கிரிப்டை மறுபடியும் விற்பனைக்குப் போட்டிருந்தார். அதே எட்டு கையெழுத்து. ஸ்பென்சரின் கையெழுத்தின் கடைசி இழுப்பு, தலைப்பின் கடைசி எழுத்தை உரசிக்கொண்டு போகும். என்னுடையதிலும் அப்படியே. ஒரு மனிதர் இரண்டு பிரதியில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியுமா? பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். உண்மை தெரிந்தால் சுவரில் இருப்பதைக் கழற்ற வேண்டியிருக்கும், அதைத் தாங்குகிற நிலையில் நான் இல்லை. ஏமாற்றப்படுவதில் ஒரு பகுதியை நாமே செய்துகொள்கிறோம் என்பதை அன்று உணர்ந்தேன், ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இடையில் இன்னொரு செலவும் உண்டு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, என் அறியாமைதான். 2006 நவம்பரில் முழுத் தொடரும் 45 டி.வி.டி.களாக ஒரே பெட்டியில் வந்தது. எனக்கு ஒன்று வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து, விலை குறைந்தபோது, திருச்சியில் இருந்த தம்பிக்கும் ஒன்று வாங்கி ஊருக்குப் போகிறவர் மூலம் அனுப்பினேன். அவனுக்கு அரசியல் பைத்தியம் உண்டு. முதல் சீசனில் காஷ்மீர் விஷயமாக இந்தியாவும் பாகிஸ்தானும் போர் விளிம்புக்குப் போகும் எபிசோட் இருக்கிறது, அதைப் பற்றி அவனோடு சண்டை போட ஆசை. ஒரு வாரத்தில் போன் வந்தது. "அக்கா, பிளேயர்ல போட்டா 'தவறான பகுதி'ன்னு வருது. எல்லா டிஸ்க்கும் இப்படித்தானா?" எல்லா டிஸ்க்கும் அப்படித்தான். அமெரிக்க டி.வி.டி. பகுதி 1, இந்தியா பகுதி 5. ஊர்ப் பிளேயர் படிக்காது. அவனிடம் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் டிரைவில் பகுதியை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். ஐந்தாவது முறை வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். அவன் ஒரு வாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மூன்று முறையைத் தீர்த்துவிட்ட பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்தது. கடைசியில் எல்லாப் பகுதியும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடி 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினான். நான் பரிசு கொடுத்ததில் அவனுக்குச் செலவு. வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வாங்கி அனுப்புகிறவர்கள் உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். வாங்கும் முன் ஒரு நிமிட வேலை அது.

2012-ல் எங்கள் கவுன்ட்டி நூலகத்தில் பழைய புத்தக விற்பனைக்கு உதவப் போனேன். அதற்குள் கார் ஓட்டக் கற்றிருந்தேன். என்னோடு மேசையில் இருந்தவர் அரசுத் துறை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. டி.வி.டி. பெட்டியைப் பிரிக்கும்போது 'வெஸ்ட் விங்' இரண்டாம் சீசன் வந்தது. இதற்கு இரண்டு டாலர் போடுவதா என்று நான் சொன்னதும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மேசையிலேயே இரண்டு மணி நேரம் பேசினோம். அந்த சீசன் முடிவில் அதிபரின் செயலாளர் அம்மாளின் இறுதிச் சடங்கை நிஜமான வாஷிங்டன் தேசிய கதீட்ரலிலேயே எடுத்ததை அவர் சொன்னார். மார்ட்டின் ஷீன் கோட்டைத் தலைக்கு மேல் சுழற்றிப் போடுவாரே, அது ஸ்டைலுக்காக இல்லை, பிறக்கும்போது ஏற்பட்ட காயத்தால் அவருடைய இடது கை சரியாக உயராது என்பதை நான் சொன்னேன். கடைசி இரண்டு சீசனில் வரும் சாண்டோஸ் என்ற இளம் வேட்பாளரை எழுதியவர்கள், அப்போது செனட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒபாமாவை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். 2008 தேர்தலைப் பார்த்தபோது ஏற்கெனவே பார்த்த கதைபோல் இருந்தது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்போது நான் இங்கே வந்து பத்து வருடம். யாரோடும் அப்படிப் பேசியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில்.

அடுத்த வியாழக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்தேன். இட்லி, வெங்காயச் சட்னி. சாப்பிட்டுவிட்டுச் சுவரில் இருந்த சட்டத்தின் முன் போய் நின்றார். நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்கிரிப்ட் அட்டையின் மூலையில் சின்னதாக அச்சாகியிருந்த தேதியை விரலால் காட்டினார். 2006 பிப்ரவரி. "ஜான் டிசம்பரில் போய்விட்டாரேம்மா" என்ற அர்த்தத்தில், மிக மெதுவாக, ஒரு வாக்கியம் சொன்னார். ஆறு வருடம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். தேதியும் தெரியும், அவர் இறந்த நாளும் தெரியும். இரண்டையும் ஒரு முறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. இறந்துபோனவர் போட்ட கையெழுத்தாக இருக்கவே முடியாத ஒன்றை, அவர் நினைவாக வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு சட்டத்தைப் பிரித்தேன். கணவரின் டார்ச்சை எடுத்து, தாளுக்குப் பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பேனா மை காகிதத்தின் மேல் லேசாக மின்னும், கோடு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகுமிடத்தில் அடர்த்தி கூடும். இங்கே எல்லாம் தட்டை. பின்பக்கம் விரலால் தடவினால் பேனா அழுத்திய தடம் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தது. எட்டு பேரும் ஒரே தடிமன், ஒரே கறுப்பு. ஒரு அசல் கையெழுத்துத் தாளின் நகலை அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே தாள்களும் பேசின. படப்பிடிப்பில் பயன்படும் ஸ்கிரிப்டில் திருத்தம் வர வர அந்தப் பக்கங்களை மட்டும் வேறு நிறத் தாளில் மாற்றிச் செருகுவார்கள். வெள்ளைக்குப் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போகும். மூன்று துளை போட்டுப் பித்தளை ஊசியால் கோத்திருப்பார்கள். என்னுடையது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே வெள்ளை, ஒரே நாளில் நகலெடுத்ததுபோல. முழு வெள்ளையாக இருந்தால் போலி என்று சட்டென்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் கையெழுத்தும் தட்டை, தாளும் ஒரே நிறம், தேதியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு என்ன வேண்டும்? வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: சாய்ந்த வெளிச்சத்தில் கையெழுத்து, அதே இடத்தின் பின்பக்கம், தேதி தெரியும்படி முதல் பக்கம். உண்மையாக விற்பவர் அனுப்புவார். தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், அந்தத் தேதியில் அந்த மனிதர் உயிரோடு இருந்தாரா, அந்தத் தொடரில் இருந்தாரா என்று பாருங்கள். சாம் என்ற பாத்திரத்தில் நடித்த ராப் லோ 2003-ல் விலகியவர். அவர் கடைசியில்தான் திரும்பி வந்தார். நடுவில் உள்ள எபிசோடில் அவர் கையெழுத்து இருந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 645 என்ற எண்ணைச் சொல்லும்போது குரல் வரவில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "போஸ்டர்னு சொன்னியே அதுவா? அப்பவே சொல்லியிருந்தா நானும் உட்கார்ந்து பார்த்திருப்பேனே. இவ்வளவு தனியாவா இருந்த?" பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் பயந்தது பணத்துக்கு. அவர் வருத்தப்பட்டது வேறு ஒன்றுக்கு. அந்த 2006-ல் நான் தேடியது கையெழுத்தை இல்லை, அந்த எபிசோடைப் பற்றிப் பேச ஒரு ஆளை. நூலகத்தில் அது இலவசமாகக் கிடைத்தது. அதனால் உங்கள் தொடர் முடிந்த வாரத்திலேயே, அதைப் பார்த்த ஒரே ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். அலுவலகத்தில், நூலகத்தில், எதிர் வீட்டில். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். நினைவிருப்பதை எழுதியும் வையுங்கள். எந்தக் காட்சியை எங்கே உட்கார்ந்து பார்த்தோம், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று. கதையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம், அதைப் பார்த்த நாளைத் திரும்பப் பார்க்க முடியாது. என் பழைய சொல் நோட்டில் ஒரு பக்கத்தில் மோர்க்குழம்புக் கறை இருக்கிறது. அது எந்த எபிசோட் என்று எனக்குத் தெரியும்.

2015-ல் குடியுரிமைத் தேர்வுக்குப் போனபோது அதிகாரி கேட்ட கேள்விகளில் ஒன்று: அதிபரும் துணை அதிபரும் பணியாற்ற முடியாமல் போனால் யார் அதிபர்? சபாநாயகர் என்றேன். கடத்தப்பட்ட மகளும், கையெழுத்துப் போடும் தகப்பனும் கண்முன் வந்து போனார்கள். வெளியே வந்ததும் முதலில் போன் செய்தது தம்பிக்கு, அடுத்து அந்த அம்மாவுக்கு.

அதற்கடுத்த வருடம், தொடரில் வில் பெய்லியாக நடித்த ஜோஷுவா மலினாவும் ரிஷிகேஷ் ஹிர்வே என்ற இசைக் கலைஞரும் சேர்ந்து, எபிசோட் எபிசோடாக அலசும் ஒலி நிகழ்ச்சி தொடங்கினார்கள். 2020 ஜனவரி வரை நடந்தது. நானும் அந்த அம்மாவும் அதைக் கேட்டுவிட்டு வியாழக்கிழமை அந்தந்த எபிசோடைப் பார்ப்போம். கொரோனா வந்ததும் போனை ஒலிபெருக்கியில் வைத்து, இரண்டு வீட்டிலும் ஒரே நொடியில் ஓடவிட்டோம். அவர் டிஸ்க் பெட்டியை எல்லாம் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரீமிங்கை நம்பியிருந்தார். 2020 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், தொடர் அந்தச் சேவையிலிருந்து எடுக்கப்பட்டு வேறொன்றுக்குப் போய்விட்டது. நாங்கள் ஆறாவது சீசன் தொடக்கத்தில் இருந்தோம். லியோ மருத்துவமனையில் படுத்திருக்கும் சமயம். அவர் புதுச் சந்தா கட்டும் வரை இரண்டு வாரம், நான் என் டிஸ்கைப் போட்டு, போனை டி.வி. பக்கத்தில் வைத்தேன். அவர் குரலை மட்டும் கேட்டார். காட்சி எல்லாம் தனக்கு மனப்பாடம் என்றார். வாடகைக்கு இருப்பது எப்போது வேண்டுமானாலும் காலி செய்யப்படும். உயிருக்குயிரான ஒரு தொடர் என்றால் டிஸ்காக ஒரு பிரதி கையில் இருக்கட்டும். புதிதாக வாங்க வேண்டாம், நூலக விற்பனையில் சீசனுக்கு இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது கீறல் பாருங்கள், எல்லா டிஸ்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். என் நான்காவது சீசனில் ஒரு டிஸ்க் எப்போது காணாமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

போலி ஸ்கிரிப்டை நான் எறியவில்லை. கையெழுத்துதான் பொய், உள்ளே உள்ள வசனம் உண்மையானது. சட்டத்திலிருந்து எடுத்து டி.வி. மேசையில் வைத்திருக்கிறோம். அந்த எபிசோட் வரும்போது அந்த அம்மா சி.ஜே.யின் வசனத்தை அதிலிருந்து வாசிப்பார், நான் சி.ஜே.யின் பழைய சகா டோபியின் வசனத்தை வாசிப்பேன். தாள் ஓரமெல்லாம் இப்போது எண்ணெய்க் கறை. சட்டத்தில் தம்பியின் மகள் வரைந்த மலைக்கோட்டைப் படம் இருக்கிறது.

நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து பார்த்து வருகிறோம், இது நான்காவது சுற்று. வரும் வியாழக்கிழமை ஐந்தாவது சீசன் தொடங்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அது பிடிக்காது. சோர்கின் போன பிறகு இந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் அன்பாகப் பேசுவதே இல்லை, நேராக ஆறாவது சீசனுக்குப் போகலாம் என்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை. வாரா வாரம் ஒளிபரப்பான அன்றே நான் முதல் முறையாகப் பார்த்த முழு சீசன் அதுதான். ஒன்றுகூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இட்லிக்கு ஊற வைத்தாயிற்று.